கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது கசிவு ஏன் ஏற்படுகிறது? இவ்வளவு தொழில்நுட்பம் இருந்துமா?

அந்த இரண்டாவது வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் போலிருக்கிறது. மதிப்பெண்ணுக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாறைக்கடியில் எண்ணெயும் வாயுவும் பெரும் அழுத்தத்தில் இருக்கின்றன. அவை மேலே வராமல் பிடித்து வைத்திருப்பது, கிணற்றுக்குள் நிரப்பும் கனமான சேற்றுக் குழம்பின் எடை. நாங்கள் மட் என்போம். அந்த எடை போதாமல் போனாலோ, குழாயைச் சுற்றி இறக்கிய சிமெண்ட் சரியாகப் பிடிக்காவிட்டாலோ வாயு உள்ளே நுழையும். அதற்குப் பெயர் கிக். உடனே கவனித்து பிஓபி என்கிற வால்வு அடுக்கை மூடினால் அதோடு முடிந்தது. கவனிக்காமல் விட்டால் எண்ணெயும் வாயுவும் கட்டுக்கடங்காமல் மேலே பீறிடும், அதுதான் ப்ளோஅவுட்.

நான் 11 வருடம் மட் லாகர், அதாவது கிணற்றிலிருந்து திரும்பி வரும் மட்டைக் கண்காணிப்பவன். 12 மணி நேரம் கேபினில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. இரண்டாவது வருடம், வளைகுடாவில் ஒரு ஜாக்கப் ரிக், கடல் தரையில் கால் ஊன்றி நிற்கும் துளையிடும் மேடை. அதிகாலை மூன்று மணிக்குத் திரையில் மட் தொட்டியின் அளவுக் கோடு மெல்ல மேலே ஏறியது. கிணற்றுக்குள் போகிற மட்டின் அளவும் திரும்பி வருகிற மட்டின் அளவும் சமமாக இருக்க வேண்டும். கூடினால் கீழே இருந்து ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம். முதல் நாள் பாடம் இது. ஆனாலும், "டெரிக்மேன் வேறு தொட்டியிலிருந்து மட் மாற்றியிருப்பார்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். மட் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் டெரிக்மேன். முந்தைய வாரம்தான் இதேபோல் கூப்பிட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்து, துளையிடும் வேலையை நடத்தும் டிரில்லரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரம் கழித்து அந்த டெரிக்மேனே டீயோடு வந்தார். ராமநாதபுரத்துக்காரர்.

"அண்ணே, மட் மாத்துனீங்களா?"

"இல்லியேப்பா, நான் ஷேக்கர்லதானே நின்னேன்."

ஷேக்கர் என்பது திரும்பி வரும் மட்டைச் சலிக்கும் இயந்திரம். கப்பைக் கீழே வைக்கக்கூட இல்லை, அப்படியே ஓடினார். நான் டிரில்லருக்குப் போன் போட்டேன். பம்பை நிறுத்தியும் மட் வந்துகொண்டே இருந்தது. பிஓபியை மூடினார்கள். அதற்குள் 14 பேரல் கூடியிருந்தது. ஐந்திலேயே நான் கூப்பிட்டிருக்க வேண்டும். மட்டின் எடையைக் கூட்டி வாயுவை வெளியேற்ற மறுநாள் மாலை ஆனது. கடலில் ஒரு சொட்டும் விழவில்லை. விழிப்போடு இருந்ததற்காக எனக்கு ஒரு டீ ஷர்ட் கொடுத்தார்கள். அதை நான் இதுவரை போட்டதில்லை.

மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்தக் கால் மணி நேரம்தான் ஞாபகம் வந்தது. சிமெண்ட் பிடித்ததா என்று சோதித்தார்கள். டிரில் பைப்பில் 1,400 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டியது, பக்கத்துக் குழாயில் பூஜ்யம். கிணறு அடைபடவில்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? அதற்கும் ஒரு காரணம் சொல்லி, சோதனை வெற்றி என்று முடித்து, மட்டை எடுத்துவிட்டு அதைவிட லேசான கடல்நீரை இறக்கினார்கள். அன்று பகலில் மட்டைப் பக்கத்தில் நின்ற படகுக்கும் இறைத்துக்கொண்டிருந்தார்கள்; தொட்டியிலிருந்து இப்படி மட் வெளியே போனால் அளவைப் பார்ப்பவன் என்ன செய்வான்? ப்ளோஅவுட் ஆனது. வளைந்துபோன குழாயை பிஓபியின் கத்தியால் சரியாக வெட்டி அடைக்க முடியவில்லை. 11 பேர் இறந்துபோனார்கள். 87 நாள் எண்ணெய் கொட்டியது. அமெரிக்க அரசின் கணக்கு 49 லட்சம் பேரல். அதற்கு முந்தைய வருடம்தான் ஆஸ்திரேலியாவை ஒட்டிய திமோர் கடலில் மொண்டாரா கிணறு 74 நாள் ஒழுகியது. அங்கும் சிமெண்ட் சரியில்லை, போட வேண்டிய மூடி ஒன்றைப் போடவே இல்லை.

கம்பெனியை விட்டுவிட்டுத் தொழிலாளி மேல் பழி போடுகிறாயா என்று யாராவது வருவார்கள். ரிக் வாடகை நாள் கணக்கில் ஓடும்போது "நிறுத்துங்கள்" என்று சொன்னவனுக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம், எண்ணூரில் 2017-இல் எண்ணெயை வாளியால் அள்ளினார்களே, அது இரண்டு கப்பல்கள் மோதியதால் வந்தது. தேர்வில் அதை இதில் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

கடலில் இவ்வளவையும் பார்த்துவிட்டு ஊரில் வீட்டுக்கடன் கேட்கப் போனால், 28 நாள் வேலை 28 நாள் லீவு என்றதும் மேனேஜர், "அப்ப வருஷத்துல பாதி நாள் சும்மாதான் இருக்கீங்க" என்றார். சம்பளச் சீட்டை மூன்று தடவை கொடுத்தும் நடக்கவில்லை. கடைசியில் என் மனைவியின் டீச்சர் வேலையைக் காட்டித்தான் கடன் வாங்கினோம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எழுதிவிட்டேன், அழிக்க மனமில்லை.