ரம் சாக்லேட் தின்றால் ஏறுமா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். வீட்டுக்காரரின் நண்பர் ஜெர்மனியிலிருந்து வரும்போது ஒரு பெட்டி சாக்லேட் கொண்டுவந்தார், கடித்தால் உள்ளேயிருந்து ரம் வழிகிறது. நான் ஆறு தின்றேன், லேசாகக் கிறுகிறுத்தது. யூகேஜி படிக்கும் பையனும் எனக்குத் தெரியாமல் இரண்டை விழுங்கிவிட்டான். இதில் போதை ஏறுமா? வண்டி ஓட்டினால் போலீஸில் மாட்டுவோமா? மாமனார் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார், இந்த நேரத்தில் பிளம் கேக் வாங்கலாமா?

பதில்: ஏறும், ஆனால் அதற்குப் பெட்டியையே காலி செய்யவேண்டும். கணக்கு இதுதான். ஒரு சாக்லேட்டுக்குள் இரண்டரை மில்லி ரம், அதுவும் 40 சதவீதச் சரக்கு என்றே வைத்துக்கொண்டால், சுத்த ஆல்கஹால் 0.8 கிராம். நம்மூர் ரம் 42.8 சதவீதம், 30 மில்லி பெக் ஒன்றில் சுமார் 10 கிராம். அப்படிப் பார்த்தால் பன்னிரண்டு சாக்லேட் ஒரு பெக், நீங்கள் அடித்தது அரை பெக். பழக்கமில்லாதவர் வெறும் வயிற்றில் தின்றால் கொஞ்சம் கிறுகிறுக்கத்தான் செய்யும். பெட்டியின் பின்னால் சதவீதம் போட்டிருக்கும், அதை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

பையன் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. 60 கிலோ இருக்கும் உங்களுக்கு ஆறு என்ன செய்யுமோ, கிட்டத்தட்ட அதையே 20 கிலோ பிள்ளைக்கு இரண்டு செய்துவிடும், அதோடு சின்னப் பிள்ளைகளுக்கு ஆல்கஹாலால் ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கிவிடலாம். பெட்டியைப் பீரோ மேல் ஏற்றுங்கள். இனி எப்போதாவது நாலைந்து தின்றுவிட்டுத் தூங்கி விழுந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வண்டிக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஆறு சாக்லேட்டில் உங்களுக்கு அதில் பாதிதான் வரும். ஆனால் வாயில் போட்ட கையோடு ஊதினால், வாயில் ஒட்டியிருக்கும் ஆவியைப் பிடித்துக்கொண்டு கருவி தாறுமாறாகக் காட்டும். பதினைந்து நிமிஷம் போனால் அது அடங்கிவிடும், வாயையும் கொப்பளித்துவிடுங்கள். முதல் தடவை மாட்டினாலே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு, சாக்லேட்டுக்காக அந்த வம்பு எதற்கு?

இங்கே வாங்குவதாக இருந்தால் ஒன்று. அட்டையில் பெரிதாக ரம் என்று இருக்கும், பின்னால் பொடி எழுத்தில் ரம் சுவையூட்டி என்று இருக்கும், அதாவது வெறும் எசென்ஸ். அதற்குப் போய் இரட்டை விலை கொடுக்காதீர்கள்.

அப்புறம் கேக். அடுப்பில் வைத்தால் சரக்கு பறந்துவிடும் என்பார்கள், முழுசாகப் பறக்காது. ஒரு மணி நேரம் வெந்தாலும் கால் பங்கு தங்கும். வெந்த பிறகு மேலே ஊற்றி ஊறவைத்திருந்தால் அதில் பெரும்பகுதி அப்படியே இருக்கும், ரம் பால் என்று விற்கும் உருண்டையும் அடுப்பையே பார்க்காதது. ஒரு துண்டு கேக்கில் யாருக்கும் ஏறாது, ஆனால் மாலை போட்டவருக்கு அளவா கணக்கு? ஆரஞ்சுச் சாற்றில் பழம் ஊறவைத்த கேக்கும் கிடைக்கிறது. ஆர்டர் கொடுக்கும்போதே பழத்தை எதில் ஊறவைத்தார்கள், வெந்த பிறகு மேலே ஏதாவது ஊற்றினார்களா என்று இரண்டையும் கேளுங்கள். முட்டை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், மாமனார் அதையும் தொடமாட்டாரே.