விசாவில் இருப்பவர் யூனியன் தேர்தலில் ஓட்டுப் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். அமெரிக்காவில் ஒரு நாளிதழின் வரைகலைப் பிரிவில் எச்-1பி விசாவில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். செய்திப் பிரிவில் பலர் யூனியன் வேண்டும் என்று அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். இன்னும் மூன்று வாரத்தில் ரகசிய வாக்கெடுப்பு. மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். நீங்கள் சூப்பர்வைசர், உங்களுக்கு ஓட்டே கிடையாது. யூனியன் வந்தால் இப்போது இருக்கும் சலுகையெல்லாம் போய், பூஜ்யத்திலிருந்துதான் பேசவேண்டி வரும். பத்திரிகையின் நடுநிலைக்கும் இது ஒத்துவராது" என்றார். "நமக்கு எதற்கு வம்பு, அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள்" என்கிறார் என் மனைவி. என்ன செய்யட்டும்?

பதில்: லீவில் இருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் மனைவியின் பயம் நியாயமானதுதான், ஆனால் லீவு போட்டால் ஒதுங்கி நின்றதாக ஆகாது. இந்தத் தேர்தலில் பார்ப்பது பதிவான ஓட்டில் பாதிக்கு மேல் யாருக்கு என்பதை. மொத்த ஊழியர்களில் பாதியை அல்ல. 40 பேருக்கு ஓட்டு இருந்து 21 பேர் மட்டும் வந்தால், 11 பேர் முடிவு செய்துவிடுவார்கள். அந்த முடிவு, வராத 19 பேரையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, போய்ப் போட்டுவிட்டு வாருங்கள்.

விசா இதற்குத் தடையில்லை. 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் 'ஊழியரா' என்றுதான் கேட்கிறது, 'குடிமகனா' என்று கேட்பதில்லை. உரிய ஆவணம் இல்லாமல் வேலை செய்பவர்கள்கூட இந்தச் சட்டத்தின் கண்ணில் ஊழியர்களே என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களிடமோ முறையான அனுமதி இருக்கிறது.

ரகசியம் என்பதும் பேச்சுக்குச் சொல்வதல்ல. வாக்கெடுப்பை நடத்துவது உங்கள் நிறுவனம் அல்ல, அமெரிக்க அரசின் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம். வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் இருக்காது. ஓட்டுப் போடும் இடத்தில் மேலாளர்கள் நிற்க முடியாது. நீங்கள் கையெழுத்திட்ட அட்டையையும் வாரியம் நிறுவனத்திடம் காட்டாது. குறைந்தது 30 சதவீதம் பேரின் ஆதரவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த அட்டைகள்.

இனி அந்த 'சூப்பர்வைசர்' விஷயம். உங்கள் கடிதத்தில் நான் நின்று யோசித்த இடம் இதுதான். சட்டத்துக்குப் பதவியின் பெயர் முக்கியமில்லை. ஆளை வேலைக்கு எடுப்பது, நீக்குவது, தண்டிப்பது, வேலையை ஒதுக்குவது, பொறுப்பேற்று வழிநடத்துவது போன்ற அதிகாரங்களில் ஒன்றாவது உங்களிடம் இருக்கிறதா, அதை நிறுவனத்தின் சார்பில் சொந்தத் தீர்மானத்தோடு பயன்படுத்துகிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். இளையவர்கள் போட்ட வரைபடத்தைத் திருத்துவதும், 'இதை நீ செய், அதை அவர் செய்யட்டும்' என்று வழக்கம்போல் பிரித்துக் கொடுப்பதும் மட்டும் என்றால், சூப்பர்வைசர் என்று நிரூபிப்பது நிறுவனத்துக்குச் சுலபமில்லை. நிரூபிக்கும் பொறுப்பும் அப்படிச் சொல்பவருடையதே.

முதலில் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று யூனியன் அமைப்பாளரிடம் கேளுங்கள். அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பதே நிறுவனம்தான். பெயர் இருந்தால் மேலாளர் உங்களிடம் சொன்னது ஒன்று, நிறுவனம் வாரியத்திடம் சொன்னது வேறு என்று ஆகிறது. பெயர் இல்லாவிட்டாலும் போய் ஓட்டுக் கேளுங்கள். ஆட்சேபத்துக்குரிய ஓட்டு என்று தனி உறையில் போட்டு ஒட்டி வைப்பார்கள். முடிவையே மாற்றும் அளவுக்கு அப்படிப்பட்ட ஓட்டுகள் இருந்தால்தான் யாருக்குத் தகுதி என்று விசாரித்து உறையைப் பிரிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நீங்கள் உண்மையிலேயே சூப்பர்வைசர் என்று முடிவானால், ஓட்டு மட்டுமல்ல, யூனியன் வேலைக்காகப் பழிவாங்கப்படாமல் இருக்கும் பாதுகாப்பும் உங்களுக்குக் கிடையாது. அதனால் இது தெளிவாகும்வரை நீங்கள் முன்வரிசையில் நின்று பிரசாரம் செய்யவேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம் 'பூஜ்யத்திலிருந்து'. பேச்சுவார்த்தையில் சிலது கூடலாம், சிலது குறையலாம் என்று மேலாளர் சொன்னால் அது அவருடைய உரிமை. யூனியன் வந்தாலே இருக்கிற சலுகையைப் பறிப்போம் என்ற தொனியில் சொன்னால் அது மிரட்டல், சட்டவிரோதம். உண்மையில் யூனியன் வென்ற பிறகு, அதனுடன் பேசாமல் சம்பளத்தையோ வேலை நிபந்தனையையோ நிறுவனம் தன்னிச்சையாக மாற்ற முடியாது. 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட விஷயம் இது.

நடுநிலை வாதம் அதைவிடப் பழசு. அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனம், யூனியன் வேலை செய்த செய்தி ஆசிரியர் ஒருவரை நீக்கிவிட்டு, பத்திரிகைச் சுதந்திரம் என்று வாதாடியது. 1937-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஏற்க மறுத்தது. செய்தி எழுதத் தெரியாதவரை, பாரபட்சமாக எழுதுபவரை நீக்கலாம். யூனியனில் சேர்ந்தார் என்பதற்காக நீக்க முடியாது.

நீக்கிவிட்டால்? ஆறு மாதத்துக்குள் வாரியத்தில் புகார் கொடுக்கலாம். வென்றால் வேலையும் நிலுவைச் சம்பளமும் கிடைக்கும். சட்டம் தருவது பெரும்பாலும் இவ்வளவுதான். இழுத்தடித்த நிறுவனத்துக்கு அபராதம் கிடையாது, வழக்கு வருடக்கணக்கில் போவதும் உண்டு. எச்-1பி-யில் இருப்பவருக்கோ வேலை போனால், வேறு வேலைக்கு மாறவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். வாரியத்தில் வழக்கு நடக்கிறது என்பதற்காக அந்த நாள்கணக்கு நிற்காது. இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனமில்லை. விசாவைக் காட்டி யாராவது மிரட்டினால் அதுவும் தனிக் குற்றச்சாட்டாகும். ஆனாலும் தேர்தலுக்கு முன்பே ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்து, வேறு நிறுவனத்துக்கு மாறும் வழியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

யூனியன் வென்றால் மறுநாளே சம்பளம் கூடிவிடாது. நல்லெண்ணத்தோடு பேசவேண்டும் என்றுதான் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, ஒப்புக்கொள்ளவேண்டும் என்றல்ல. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் செய்திப் பிரிவு 2018 ஜனவரியில் 248-க்கு 44 என்று வென்றது. முதல் ஒப்பந்தம் வந்தது 2019-இன் பிற்பகுதியில். ஆதரித்து ஓட்டுப் போட்டதாலேயே நீங்கள் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. யூனியன் சந்தா விஷயம் நீங்கள் இருக்கும் மாநிலத்தின் சட்டத்தைப் பொறுத்தது. சில மாநிலங்களில் யாரையும் கட்டச்சொல்லி வற்புறுத்த முடியாது.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். மேலாளர் கூப்பிட்ட தேதி, நேரம், அறையில் யார் யார் இருந்தார்கள், அவர் சொன்னது என்ன என்பதை அவருடைய வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அலுவலக மின்னஞ்சலிலோ அலுவலகக் கணினியிலோ வேண்டாம், வீட்டு நோட்டுப் புத்தகம் போதும். அடுத்த முறை கூப்பிட்டு "யாருக்கு ஓட்டு?" என்று கேட்டால், நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. கேட்டார் என்பதையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.