குளோரின் நெடி அடிக்கும் குளத்திற்கு மேலும் குளோரின் போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு நீச்சல் குளம் 40,000 லிட்டர் கொள்ளளவு கொண்டது. நீரில் குளோரின் நெடி தூக்கலாக அடிக்கிறது, கண்ணும் எரிகிறது. குளோரின் போடுவதைக் குறைத்தும் நெடி கூடியதே தவிரக் குறையவில்லை. வாரந்தோறும் ஷாக் கொடுக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு, எப்படிப் போடுவது?

பதில்: பெரும்பாலும் உங்கள் குளத்தில் குளோரின் கூடவில்லை, குறைந்திருக்கிறது. வியர்வை, சிறுநீர் போன்றவற்றில் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் வினைபுரிந்து குளோரமைன்களாக மாறுகிறது. மூக்கைத் துளைக்கும் நெடியும் கண் எரிச்சலும் இவற்றால்தான். இப்படிப் பிணைந்துபோன குளோரினுக்குக் கிருமியைக் கொல்லும் திறன் மிகக் குறைவு. அதைச் சிதைத்து வெளியேற்றும் அளவுக்கு ஒரே தவணையில் குளோரினை ஏற்றுவதே ஷாக். இந்த நிலையில் தினமும் சிறிது சிறிதாகப் போட்டால் குளோரமைன்தான் மேலும் உருவாகும்.

முதலில் அளந்து பாருங்கள். பிணையாமல் இருக்கும் தனிக் குளோரினையும், இரண்டும் சேர்ந்த மொத்தக் குளோரினையும் பிரித்துக் காட்டும் டிபிடி (குளோரின் பட்டால் இளஞ்சிவப்பாகும் வேதிப்பொருள்) சோதனைப் பெட்டி தேவை. மஞ்சள் நிறம் காட்டும் பழைய வகைச் சோதனை இதற்கு உதவாது. மொத்தம் லிட்டருக்கு 1.5 மி.கி., தனிக் குளோரின் 0.7 மி.கி. என்று வந்தால், பிணைந்தது 0.8 மி.கி. அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 8 மி.கி. ஏற்றுவது வழக்கம். உங்கள் குளத்துக்கு இது 320 கிராம் குளோரின். 65 சதவீதம் குளோரின் தரும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளாகப் போட்டால் ஏறக்குறைய 490 கிராம்.

போடுவதற்கு முன் பி.எச். அளவை 7.2 முதல் 7.6 வரைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். 8-ஐத் தாண்டினால் குளோரினின் வீரியத்தில் பெரும்பகுதி வீணாகும். வெயில் குளோரினைச் சிதைப்பதால், பொழுது சாய்ந்தபின் போடுவதே சிக்கனம். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதில் தூளைச் சிறிது சிறிதாகக் கொட்டிக் கரையுங்கள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. தெளிந்த கரைசலைப் பம்ப் ஓடும்போது குளத்தைச் சுற்றிவந்து ஊற்றிவிட்டு, அடியில் தங்கும் வண்டலை ஒதுக்கிவிடலாம்; வினைல் விரிப்புள்ள குளத்தில் கரையாத தூள் விழுந்த இடம் வெளுத்துவிடும். இரவு முழுவதும் பம்ப் ஓடட்டும். வாயு வெளியேறக் குளத்தின் மூடியைத் திறந்தே வையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். ட்ரைகுளோர் (இன்னொரு வகைக் குளோரின்) மாத்திரை போட்ட வாளியையோ கரண்டியையோ இந்தத் தூளுக்குப் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் கலந்தால் தீப்பற்றலாம், வெடிக்கவும் கூடும். அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

மறுநாள் மீண்டும் அளந்து, தனிக் குளோரின் 3 மி.கி.க்குக் கீழே இறங்கியபின் குளிக்கலாம். குளோரின் மிக அதிகமாக இருக்கும்போது டிபிடி நிறமே வெளிறி, ‘குளோரின் இல்லை’ என்பதுபோல் ஏமாற்றும். ஐயம் வந்தால் மாதிரி நீரில் குளோரினற்ற தண்ணீரைக் கலந்து சோதியுங்கள்.

வாரந்தோறும் போட வேண்டும் என்பதை நான் ஏற்பதில்லை. தனிக் குளோரினை 1 முதல் 3 மி.கி. வரை தினமும் காத்துவந்தால், பிணைந்தது 0.4 மி.கி.யைத் தாண்டும்போதோ, நீர் பச்சை கட்டத் தொடங்கும்போதோ, ஆட்கள் திரளாகக் குளித்த நாளிலோ ஷாக் கொடுத்தால் போதும்.