பதில் வராதுன்னு நெனச்சே எழுதுங்க

கேள்வி: வெளிநாட்டுல டூட்டியில இருக்கற ராணுவ வீரருக்கு மெசேஜ், ஈமெயில் அனுப்பும்போது என்ன கவனிக்கணும்? நாலஞ்சு நாளா ஒத்த டிக்லயே நிக்குது, பயமா இருக்கு.

என் தம்பி ஒரு வருஷத்துக்கு மேல கடல் தாண்டி போஸ்டிங்ல இருந்தான், அந்த அனுபவத்துல சொல்றேன். மொத மாசம் நான் பண்ணதெல்லாம் தப்பு. "சாப்பிட்டியா", "என்ன பண்ற", "ஏன்டா பதிலே இல்ல", "டேய்"னு நாளைக்கு அஞ்சாறு போட்டுட்டு அந்த டிக்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒன்பது நாள் கழிச்சு அவனுக்கு நெட் கெடச்சுது, அதுவும் ஆளுக்கு பத்து நிமிஷம், பின்னால வரிசை வேற நிக்குது. எல்லாம் ஒரே நேரத்துல கொட்டியிருக்கு. "அக்கா, சாப்பிட்டியான்னு பதினேழு தடவ கேட்டிருக்க, எந்த நாள் சாப்பாட்ட சொல்றது"ன்னு ஒரே வரி அனுப்பிட்டு போயிட்டான்.

அதுக்காவது சிரிச்சோம். இன்னொன்னு நடந்துச்சு. அம்மா படியில வழுக்கி கால் பிசகிடுச்சு, அத நான் வாய்ஸ் நோட்ல சொன்னேன், மறுநாள் "அம்மாவுக்கு இப்ப பரவால்ல, டாக்டர் வீட்டுக்கு போலாம்னுட்டாரு"ன்னு டைப் பண்ணி அனுப்பினேன். அங்க இருந்த நெட்டுக்கு வாய்ஸ் நோட் டவுன்லோட் ஆகல, டைப் பண்ணது மட்டும் போய் சேந்திருக்கு. அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னே தெரியாம, திருப்பி கேக்கவும் வழியில்லாம ரெண்டு நாள் டூட்டி பாத்திருக்கான் பாவம். அப்புறம் போன்ல என்னை அவன் திட்டின திட்டு இருக்கே, அத இங்க எழுத முடியாது.

அதுலேர்ந்து ஒரு பழக்கம் வச்சேன். நாளைக்கு ஒரே மெசேஜ், டைப் பண்ணது, மேல தேதியும் நம்பரும். அதுக்கு முன்னாடி வந்தது, பின்னாடி வந்தது எதுவுமே சேரலன்னாலும் அந்த ஒண்ண மட்டும் படிச்சா புரியணும். போட்டோவ சின்னதாக்கி தனியா அனுப்புவேன், முக்கியமான விஷயத்த போட்டோவ நம்பி விட மாட்டேன். கேள்விய கொறச்சுட்டு இங்க நடந்தத எழுதுவேன், பக்கத்து வீட்டு சண்டை உட்பட. நம்பர் போடறது என் கண்டுபிடிப்பு இல்லைங்க, ரெண்டாம் உலகப்போர்லயே லெட்டர் மேல நம்பர் போட்டு அனுப்பியிருக்காங்க, எது தொலஞ்சுதுன்னு கண்டுபிடிக்க.

அந்த காலத்து கதையும் சுவாரசியம். அமெரிக்காவுல 1942 லேர்ந்து 1945 வரைக்கும் வி-மெயில்னு ஒண்ணு ஓடுச்சு, லெட்டர குட்டி பிலிம்ல படம் புடிச்சு அனுப்பி, போற எடத்துல மறுபடி சின்ன பேப்பர்ல பிரிண்ட் போட்டு கொடுப்பாங்க. 37 மூட்டை லெட்டர் ஒரே மூட்டையில அடங்கிடுமாம். ஆனா லிப்ஸ்டிக் முத்தம் வச்சு அனுப்பினா மெஷின்ல அப்பிக்கும்னு அத மட்டும் வேணாம்னுட்டாங்க. பிரிட்டன் நீர்மூழ்கிக் கப்பல்ல இருக்கறவங்க நெலம இன்னும் மோசம். வீட்டுலேர்ந்து வாரத்துக்கு ஒரு குட்டிச் செய்தி, ஃபேமிலிகிராம்னு பேரு, வார்த்தைய எண்ணித்தான் எழுதணும், அவங்களால பதில் அனுப்பவே முடியாது, சிக்னல் விட்டா கப்பல் எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும்ல. அத படிச்சப்புறம்தான் என் ஒத்த டிக் மேல இருந்த கோவம் போச்சு.

இப்ப உங்க பயத்துக்கு வரேன். முகாம்ல யாராவது இறந்தாலோ பலமா அடிபட்டாலோ அவங்க வீட்டுக்கு முறைப்படி தகவல் போற வரைக்கும் மொத்த பேருக்கும் நெட்ட கட் பண்ணுவாங்க, அமெரிக்க ராணுவத்துல இதுக்கு ரிவர் சிட்டின்னு பேரே இருக்கு. ஏதாவது ஆபரேஷனுக்கு முன்னாடியும் கட் ஆகலாம், சும்மா சிக்னல் இல்லாமயும் இருக்கலாம். அவருக்கே எதாவதுன்னா முறையான ஆள் மூலமா உங்களுக்கு சேதி வரும், டிக்க பாத்து முடிவு பண்ணாதீங்க. பயம் போயிடும்னு சொல்லமாட்டேன், எனக்கு கடைசி வரைக்கும் போகல.

எழுதவே கூடாதது ஒண்ணு இருக்கு, எங்க இருக்காங்க, எப்ப நகர்றாங்க, எப்ப திரும்புவாங்க. எங்க சித்தப்பா பாசத்துல அவன் கெளம்பற தேதிய குடும்ப குரூப்ல போட்டுட்டாரு, அழிக்க வச்சதுக்கு எங்கூட ஒரு மாசம் பேசல. ஓவரா பண்றேன்னு நெனக்காதீங்க, 2018 ல ஸ்ட்ராவான்னு ஒரு ஓட்டப்பயிற்சி ஆப்போட மேப்பப் பாத்தே வீரர்கள் ஓடற தடத்த வச்சு முகாம் இருக்கற எடமெல்லாம் தெரிஞ்சுபோச்சு.

இன்னொன்னு, இத படிக்கற மத்தவங்களுக்கு. முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் நான் வெளிநாட்டுல இருக்கற ராணுவ வீரர், லீவு வாங்க பணம் கட்டணும், பேச நெட்டுக்கு காசு வேணும்னு மெசேஜ் பண்ணா அது திருட்டுப்பய வேலை, லீவுக்கெல்லாம் எந்த ராணுவமும் பணம் கேக்காது.

தம்பி திரும்பி வந்தப்போ லிஸ்ட் போட்டு வச்சிருந்தான், 61 ம் நம்பர் வரவே இல்லையாம், அதுல என்னக்கா எழுதினன்னு கேட்டான். நடுவுல போன் மாத்தினதுல என்கிட்டயும் அது இல்ல, யோசிச்சு யோசிச்சு பாத்தேன், ஞாபகமே வரல. நீங்க ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க.