பழைய ஐமேக்குக்கு ஏன் இந்த மவுசு?

கேள்வி: வணக்கம். நான் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் கராஜ் சேலில் முட்டை வடிவத்தில், நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒரு பழைய ஆப்பிள் ஐமேக் வைத்திருக்கிறார். "1998 மாடல், முதல் பேட்ச்" என்று சொல்லி 200 டாலர் கேட்கிறார். படிக்கும் காலத்தில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏங்கிப் பார்த்த மெஷின் அது. மனைவி "இது குப்பை, வீட்டுக்குள் வரக்கூடாது" என்கிறார். வாங்கலாமா? அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

பதில்: உங்கள் மனைவி சொல்வதில் பாதி உண்மை. இன்றைக்கு அதை வைத்து பேங்க் வேலை பார்க்க முடியாது, யூடியூப் ஓடாது, இப்போதுள்ள வெப்சைட்களில் பெரும்பாலானவை திறக்கவே திறக்காது. ஏக்கத்துக்குத்தான் விலை கொடுக்கிறீர்கள். அது தெரிந்து கொடுத்தால் தப்பில்லை, நானும் கொடுத்திருக்கிறேன்.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்கு 1997க்குப் போக வேண்டும். அந்த நிதியாண்டில் ஆப்பிள் கம்பெனிக்கு 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்து, இருந்த மாடல்களில் பெரும்பாலானவற்றை ஏறக்கட்டிவிட்டு, 1998 மே 6ஆம் தேதி குபர்டினோவில் ஃப்ளின்ட் சென்டர் மேடையில் இதைத் துணி விலக்கிக் காட்டினார். 1984இல் முதல் மெக்கின்டாஷைக் காட்டிய அதே அரங்கம். விற்பனை ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. விலை 1,299 டாலர். 233 மெகாஹெர்ட்ஸ் ஜி3 பிராசஸர், 32 எம்பி மெமரி, 4 ஜிபி ஹார்டு டிஸ்க், 15 அங்குல பிக்சர் ட்யூப், மோடம், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே கூட்டுக்குள். வருஷம் முடிவதற்குள் கிட்டத்தட்ட 8 லட்சம் விற்றது.

ஆனால் இந்த எண்களைப் பார்த்தா நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றீர்கள்? அப்போது வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் பழுப்பு வெள்ளைப் பெட்டி, பின்பக்கம் தலைமுடி மாதிரி ஒயர்கள், எந்த ஒயர் எந்த ஓட்டைக்கு என்று தெரியாமல் தம்பியைக் கூப்பிட வேண்டும். இதில் ஆப்பிளின் டிசைன் தலைவர் ஜோனத்தன் ஐவின் குழு வெளிக்கூட்டையே உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கில் செய்தது, உள்ளே இருக்கிற உலோகத் தகடு நிழலாகத் தெரியும். சிட்னியில் உள்ள பாண்டை கடற்கரையின் தண்ணீர் நிறம் என்று பெயரும் வைத்தார்கள், பாண்டை ப்ளூ. அப்புறம் தலையில் ஒரு கைப்பிடி. 17 கிலோ எடையுள்ள பொருளை யார் தினமும் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறார்கள்? அந்தக் கைப்பிடி தூக்குவதற்காக மட்டும் வைத்தது அல்ல. கம்ப்யூட்டரைத் தொடவே பயந்தவர்களுக்கு, "தொடலாம், கடிக்காது" என்று சொல்வதற்காக வைத்தது என்பதை ஐவ் பல இடங்களில் விளக்கியிருக்கிறார். அது வேலை செய்தது. வாங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதுவரை கம்ப்யூட்டரே வாங்காதவர்கள். முதல் சைக்கிள், முதல் ரேடியோ மாதிரி, முதல் கம்ப்யூட்டரும் மனதை விட்டுப் போகாது. இன்றுவரை இதைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்களில் பலர் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான் என்பது என் எண்ணம்.

சரி, 200 டாலருக்கு வருவோம். முதலில் முன்பக்கம் சிடி போடுகிற இடத்தைப் பாருங்கள். கதவு திறந்து தட்டு வெளியே வந்தால் 1998–99 மாடல். வெறும் கீற்று மட்டும் இருந்து சிடியை அப்படியே உள்ளே தள்ள வேண்டியதாக இருந்தால் அது 1999 அக்டோபரிலோ அதற்குப் பிறகோ வந்தது, விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும் முதல் பேட்ச் ஆகாது. பின்னால் வந்த ப்ளூபெர்ரி நீலத்தை பாண்டை ப்ளூ என்று சொல்லி விற்பது சகஜம். பாண்டையில் பச்சை கலந்திருக்கும், ப்ளூபெர்ரி சுத்த நீலம். பக்கவாட்டில் கேபிள் சொருகும் இடத்துக்கு ஒரு சின்ன மூடி உண்டு, அது பெரும்பாலும் உடைந்தோ காணாமலோ போயிருக்கும், அதைச் சொல்லியே 20 டாலர் குறைக்கலாம்.

அடுத்தது முக்கியம்: மெஷின் குளிர்ந்து கிடக்கும்போது போய், உங்கள் கண் முன்னால் ஆன் செய்யச் சொல்லுங்கள். சில வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு ஆரஞ்சு நிறப் பெட்டி வாங்கப் போனபோது, விற்றவர் ஏற்கெனவே ஓடவிட்டு ஜம்மென்று காட்டினார், நானும் பணத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு பேர் பிடித்து காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை பட்டனை அழுத்தினால் டொங் என்று சத்தம் வருகிறது, படம் வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து நடுவில் ஒரு கோடு, அப்புறம் இரண்டு பக்கமும் சுருங்கிய படம். பிக்சர் ட்யூபுக்குக் கரன்ட் கொடுக்கிற போர்டு சாகக் கிடந்திருக்கிறது, சூடானால் ஓடும், ஆறினால் படுத்துவிடும். அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அதனால் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் "நாளைக்கு வருகிறேன்" என்று வந்துவிடுங்கள். ஆன் செய்த பிறகு முக்கால் மணி நேரம் ஓடட்டும், கேமராவில் சில படங்கள் எடுத்துக்கொண்டே நின்று பேசுங்கள். கராஜ் சேலில் யாரும் விரட்ட மாட்டார்கள்.

உள்ளே விரல் கட்டை அளவில் ஒரு 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி உண்டு, வாங்கினதும் மாற்றிவிடுங்கள். அது செத்தால் மெஷின் அடம்பிடிக்கும், கசிந்தால் போர்டையே தின்றுவிடும். தூக்கும்போது கைப்பிடியை மட்டும் நம்பாதீர்கள், 25 வருஷத்துக்கு மேலான பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், அடியிலும் ஒரு கை கொடுங்கள்.

கீபோர்டும் மவுஸும் அதே நிறத்தில் கூடவே இருந்து, படம் சுத்தமாக வந்தால் நான் 100இல் பேரத்தை ஆரம்பித்து 150க்கு மேல் போக மாட்டேன். படம் வராவிட்டால் சும்மா கொடுத்தால் மட்டும் எடுப்பேன்.

இன்னொன்று. தமிழ் தெரியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: ஆப்பிள் சிஸ்டத்தோடு இணைமதி என்ற தமிழ் எழுத்துரு சேர்ந்து வந்தது 2005இல் வெளியான 10.4 பதிப்பில். பாண்டை ப்ளூவில் அதிகாரபூர்வமாகப் போடக்கூடிய கடைசிப் பதிப்பு 10.3.9. அதனால் இந்தக் கேள்வி-பதிலை அதில் படிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: யுஎஸ்பியைக் கண்டுபிடித்ததே ஐமேக்தான் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். பந்தயம் கட்டியிருக்கிறோம்.

பதில்: பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள், ஆனால் பிரியாணியைப் பாதிப் பாதியாகச் சாப்பிடுங்கள். யுஎஸ்பி இன்டெல் முன்னின்று, வேறு சில கம்பெனிகளும் சேர்ந்து உருவாக்கியது, முதல் பதிப்பு 1996இலேயே வந்துவிட்டது. அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் இன்டெலில் வேலை பார்த்த அஜய் பட். அந்தக் காலத்து பிசிக்களில் யுஎஸ்பி ஓட்டை இருந்தது, அதில் சொருகத்தான் கடையில் அதிகம் ஒன்றும் இல்லை. பிரிண்டர்காரர்கள் "பழைய போர்ட் இருக்கும்போது நாங்கள் ஏன் மாற வேண்டும்" என்று உட்கார்ந்திருந்தார்கள்.

ஐமேக் செய்தது என்னவென்றால், பழைய போர்ட்கள் எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டியது. ஆப்பிளின் சொந்த கீபோர்டு போர்ட், ஸ்கஸி, சீரியல், எதுவும் கிடையாது. இரண்டே இரண்டு யுஎஸ்பி. ஃப்ளாப்பி டிரைவும் இல்லை. முதல் மாடல்களில் சிடியைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. அதாவது பிள்ளை செய்த ஹோம்வொர்க்கை வெளியே எடுத்துப் போக வேண்டுமென்றால் நெட்டில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் தனியாக ஒரு டிரைவ் வாங்க வேண்டும். சிடி எழுதுகிற டிரைவ் 2001இல்தான் வந்தது. வாங்கியவர்கள் இதற்குத் தனியாகச் செலவு செய்தார்கள் என்பதை இன்றைக்கு யாரும் பேசுவதில்லை, பழைய பிரிண்டரும் ஸ்கேனரும் வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல அடி. ஆனால் அந்தச் செலவுதான் சந்தையை உருவாக்கியது. லட்சக்கணக்கான பேர் கையில் யுஎஸ்பி தவிர வேறு வழியில்லாத மெஷின் இருந்ததும், பிரிண்டர், ஸிப் டிரைவ், ஹப் என்று சாமான்கள் வரிசையாக வந்தன, அதுவும் பல அதே நீலப் பிளாஸ்டிக்கில். அதையே கொண்டுபோய் பிசியிலும் சொருகலாம். பெற்றது இன்டெல், வளர்த்தது ஐமேக் என்று நண்பரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு ஆன்லைன் ஏலத்தில் "ஐமேக் மாதிரியே" என்று போட்டு ஈஒன் என்ற நீலக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. விண்டோஸ் ஓடுமாம், விலையும் குறைவு. இது என்ன சரக்கு?

பதில்: புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. 1999இல் ஈமெஷின்ஸ் கம்பெனி 799 டாலருக்கு விட்டது இது. அதே நீல வெள்ளை, அதே மாதிரி எல்லாம் ஒரே பெட்டிக்குள், உள்ளே விண்டோஸ். ஆப்பிள் சும்மா விடுமா, வழக்கு போட்டது. ஜப்பானில் சோடெக் என்ற கம்பெனி விற்ற இதன் சகோதரப் பெட்டிக்கு டோக்கியோ நீதிமன்றம் அதே வருஷம் செப்டம்பரில் தடை விதித்தது, அமெரிக்காவில் 2000இல் சமரசம் ஆனது. ஃபியூச்சர் பவர் என்ற இன்னொரு கம்பெனியின் மீதும் ஆப்பிள் வழக்கு போட்டது. டெல்கூட 1999 கடைசியில் வெப்பிசி என்று கலர் மூடிகளோடு ஒன்று விட்டுப் பார்த்து, சில மாதங்களிலேயே நிறுத்திவிட்டது.

எல்லோரும் காப்பி அடித்தது நிறத்தை, ஏனென்றால் அதுதான் சுலபம். கம்ப்யூட்டரோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை, ஸ்டேப்ளர், டெலிபோன், இஸ்திரிப் பெட்டி என்று உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கொஞ்ச காலம் ஊரெல்லாம் ஓடியது. 1999 ஜனவரியில் ஐமேக்கே ஐந்து பழ நிறங்களில் வந்ததும் கடைக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள், ஒரே மாடலை ஐந்து நிறத்தில் ஸ்டாக் வைக்க வேண்டுமே, ஒரு நிறம் விற்று முடியும், இன்னொன்று அப்படியே நிற்கும்.

உங்கள் கேள்விக்கு: ஈஒன் அபூர்வம்தான், ஆனால் அபூர்வமான பொருளுக்கெல்லாம் ஆள் இருக்காது. வழக்கின் கதையைச் சொல்லி ஷெல்ஃபில் வைக்க ஆசை இருந்தால் வாங்குங்கள். பின்னால் லாபத்துக்கு விற்கலாம் என்று வாங்காதீர்கள்.

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் ஒருவரிடம் பூப்போட்ட ஐமேக் இருக்கிறது. கூரியரில் வரவழைக்கலாமா?

பதில்: பூப்போட்டது 2001இல் வந்த ஃப்ளவர் பவர், அதன் ஜோடி நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட ப்ளூ டால்மேஷன். வந்த காலத்தில் பலர் முகம் சுளித்தார்கள், இப்போது அதற்குத்தான் அடிதடி. ஆனால் வேண்டாம். பழைய கம்ப்யூட்டரை இந்தியாவுக்குள் நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாது, அது கட்டுப்பாட்டில் உள்ள பொருள், வெளிநாட்டு வர்த்தகத்தைக் கவனிக்கும் டிஜிஎஃப்டி என்ற அரசு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். கஸ்டம்ஸில் மாட்டினால் சாமானும் போகும் காசும் போகும். தப்பி வந்தாலும் பிக்சர் ட்யூப் உள்ள பெட்டி, விமானத்தில் ஏறி இறங்கி முழுசாக வருவது உங்கள் அதிர்ஷ்டம். உள்ளூரில் பழைய டிடிபி சென்டர்கள், விளம்பர டிசைன் செய்தவர்கள், அச்சகங்கள் பக்கம் கேட்டுப் பாருங்கள், பரணில் தூங்கும்.

கிடைத்தால் ஒரு எச்சரிக்கை: சிடி கீற்று உள்ள மாடலில், ஃபர்ம்வேரை, அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்காமல், நேராக ஆப்பிளின் பிந்தைய சிஸ்டமான ஓஎஸ் எக்ஸ் போட்டால் திரை இருண்டு போகும், மீட்பது பெரும்பாடு. முதலில் அதற்கு முந்தைய ஓஎஸ் 9இல் மெஷினை ஓடவிட்டு, ஃபர்ம்வேர் 4.1.9 போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். அந்த மாடல்களில் ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும், அது சகஜம், அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய ஐமேக்கோடு வந்த வட்ட மவுஸைத் தனியாக விற்கிறார்கள். தினசரி உபயோகத்துக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தோசைக்கல்லில் ஊற்றிய குட்டி ஊத்தப்பம் மாதிரி முழு வட்டம், கையில் பிடித்தால் எது தலை எது கால் என்று தெரியாது. நேராகத் தள்ளுகிறோம் என்று நினைப்போம், அம்பு சரிந்து மூலைக்குப் போகும், குனிந்து பார்த்தால் வால் ஒயர் வேறு பக்கம் நிற்கும். ஆப்பிளே பின்னால் பட்டனில் ஒரு சின்னக் குழி போட்டு விரலுக்கு அடையாளம் காட்டியது, அப்புறம் 2000இல் மவுஸையே மாற்றிவிட்டது. ஐமேக்கோடு ஜோடியாக வைக்க மட்டும் வாங்கலாம். அடியில் இரண்டு நிற உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள், அதை மட்டும் யாராவது கழற்றி எடுத்திருப்பார்கள்.

கேள்வி: செத்துப்போன ஐமேக் ஒன்று சும்மா கிடைத்தது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மீன் தொட்டி ஆக்கலாம் என்கிறான் மகன். செய்யலாமா?

பதில்: செய்தவர்கள் நிறையப் பேர் உண்டு, பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம், பையனை ஸ்க்ரூ டிரைவரோடு தனியாக விடாதீர்கள். பழைய டிவி ரிப்பேர் செய்கிற யாரையாவது கூப்பிட்டு ட்யூபை மட்டும் இறக்கித் தரச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது பழகின வேலை. இறக்கிய ட்யூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, குப்பைத் தொட்டியில் போடாமல் இ-வேஸ்ட் எடுக்கிற இடத்தில் கொடுங்கள். போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஸ்பேருக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள், மீன் வாங்குகிற காசு அதிலேயே வந்துவிடும்.