அந்த ஊரில் என்னதான் இருக்கிறது?

தம்பி, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து எஸ்டர்ஹேசியில் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். குளிர், வாடகை, நம் ஆட்கள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "அந்த ஊரில் என்னதான் இருக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். குளிர் மைனஸ் முப்பதுக்கும் கீழே போகும். பூட்ஸை இங்கே வந்து வாங்குங்கள், ஊரிலிருந்து சுமக்காதீர்கள். வாடகையை வேலை தருகிறவரிடமே கேளுங்கள். எனக்குப் பதில் சொல்லத் தோன்றுவது கடைசிக் கேள்விக்குத்தான்.

என்னை அனுப்பிய ஏஜென்ட் "சிட்டி பக்கம்தான் சார்" என்றார். இந்தப் புல்வெளிப் பிரதேசத்தில் பக்கம் என்றால் காரில் இரண்டு மணி நேரம் என்று வந்த பிறகுதான் புரிந்தது. நான் வந்து சேர்ந்த ஊரில் ஒரே ஒரு தெரு, ஒரு கோ-ஆப் (கூட்டுறவு) கடை, ஒரு தானியக் கிடங்கு. பேச ஆளில்லை. கோ-ஆப் கல்லா அருகே கிடந்த வாரப் பத்திரிகையை வாங்க ஆரம்பித்தேன். அதுதான் என்னை ஊருக்குள் சேர்த்தது.

அதில் உலகச் செய்தி கிடையாது. யார் இறந்தார்கள், துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கு அந்தக் குடும்பம் சொல்லும் நன்றி, வரி பாக்கி வைத்த நிலங்களின் பட்டியல், பண்ணை ஏலம். ஒரு ஏல விளம்பரம் இன்னும் நினைவிருக்கிறது: கம்பைன் (அறுவடை இயந்திரம்), டிராக்டர் என்று தொடங்கி, கடைசி வரியில் ஒரு தையல் மிஷின், ஒரு டப்பா பொத்தான். ஒரு குடும்பம் மொத்தமாகக் கடையைக் கட்டுகிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. இலையுதிர்காலத்தில் சர்ச் ஹாலில் வான்கோழி விருந்து என்று அதே தாளில் பார்த்துத்தான் போனேன். முட்டைக்கோஸ் இலையில் சோறு வைத்து உருட்டிய உக்ரேனியப் பலகாரம் பரிமாறினார்கள். எதிரே உட்கார்ந்த பெரியவரிடம் அந்த ஏலத்தைப் பற்றிக் கேட்டேன். மனுஷன் இரண்டு மணி நேரம் பேசினார்!

அப்புறம் ஊர் வரலாற்றுப் புத்தகம். 1980இல், மாகாணத்துக்கு 75 வயதானபோது, ஊர் ஊராகத் தங்கள் கதையைத் தொகுத்தார்கள். தலையணை கனத்தில் இருக்கும்; குடும்பம் குடும்பமாக எழுதியிருக்கும். நூலகத்தில் கேளுங்கள். பத்து டாலர் கட்டி 160 ஏக்கர் வாங்கி, முதல் குளிர்காலத்தை மண்வீட்டில் கழித்தவர்கள் கதைகள் அவை. உங்கள் ஊரே 1886இல் ஹங்கேரியர்கள் வந்து குடியேறியதில் தொடங்கியது. உரத்துக்கு உதவும் பொட்டாஷ் உப்பை எடுக்கும் சுரங்கம் 1962இல்தான் வந்தது. ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்தப் புத்தகங்கள் பலவற்றைப் படித்தால் குடியேறிகள் வருவதற்கு முன் இங்கே மனிதரே இல்லை என்று தோன்றும். 1874இல் பூர்வகுடிகளோடு நான்காம் ஒப்பந்தம் கையெழுத்தானது இதே மண்ணுக்காகத்தான்.

குதிரை வண்டியில் தானியம் கொண்டுவந்து இறக்கிவிட்டு அன்றே வீடு திரும்ப வேண்டும் என்று, ரயில்பாதை நெடுக ஏழெட்டு மைலுக்கு ஓர் ஊர் முளைத்தது. கொஞ்சம் பெரிய ஊர் என்றால் ஓர் அச்சகமும் ஒரு பத்திரிகையும் வந்துவிடும். அதற்கும் முன்னால், 1878இலேயே, பேட்டில்ஃபோர்டு என்ற ஊரில் 'சஸ்காச்சுவான் ஹெரால்டு' பத்திரிகை வந்துவிட்டது, பி. ஜி. லாரி என்பவர் அச்சு இயந்திரத்தை வின்னிபெக்கிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். இன்றைக்கு ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். 2020இல் போஸ்ட்மீடியா என்ற பத்திரிகை நிறுவனம் ஒரே அறிவிப்பில் 15 உள்ளூர்ப் பத்திரிகைகளை நிறுத்தியது. பாதிக்கு மேல் பக்கத்து மானிட்டோபாவில். ஃபேஸ்புக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் அந்த நிறுவனமே கனடாவில் பத்திரிகைச் செய்திகளைத் தடுத்துவிட்டது. உங்கள் வட்டாரத்தில் எது மிச்சமிருக்கிறதோ அதற்குச் சந்தா கட்டுங்கள்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) கைக்கு வந்த மறுமாதமே டொராண்டோவுக்குப் பெட்டி கட்டுவார்கள். பிறகு அங்கிருந்து போன் போட்டு, "இன்னுமா அங்கே இருக்கீங்க?" என்று உச்சுக்கொட்டுவார்கள். அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. இங்கே என் மகன் ஐஸ் ஹாக்கியில் ஒரு கோல் போட்டதற்குப் பத்திரிகையில் படம் போட்டார்கள். பெயரில் இரண்டு எழுத்து தப்பு. பரவாயில்லை, ஊரே கூப்பிட்டுச் சொன்னது.

அரிசிக்கு யார்க்டன் நகரத்துக்குப் போக வேண்டும், ஒரு மணி நேரம். ஹெல்த் கார்டுக்கு (அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை) வந்த வாரமே எழுதிப் போடுங்கள். குளிரில் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் இல்லாத காரை வாங்கிவிடாதீர்கள்.