உரக்கச் சொல் – ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1968இல் பாடிய பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தேடிக் கேட்டேன். ‘உரக்கச் சொல், நான் கறுப்பன், எனக்கு அதில் பெருமை’ என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. கவித்துவம் எதுவும் தட்டுப்படவில்லை. தவிர, பிறப்பில் பெருமை கொள்வதைத்தானே வெள்ளை இனவாதியும் செய்கிறான்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அக்காலத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் மரியாதையாகச் சொல்லிக்கொண்ட சொல் ‘நீக்ரோ’. ‘பிளாக்’ என்பது அவர்களில் பலருக்கு வசவு. பிரவுனே ரசாயனம் தடவி முடியை நேராக்கிக்கொண்டிருந்தவர்தான். அந்த ஆண்டுதான் தன் சுருள்முடியை அப்படியே விட்டார். தன்மேல் வசையாக விழுந்த சொல்லை எடுத்து ஒருவன் பெயராக வைத்துக்கொள்வதும், பரம்பரைச் சொத்தாகக் கிடைத்த நிறத்தைக் காட்டி இன்னொருவன் மிரட்டுவதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

சரி, அந்த ஒரே வரி. அதை யார் பாடுகிறார்கள் என்று கவனித்தீர்களா? பிரவுன் ‘உரக்கச் சொல்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மீதியைச் சொல்வது குழந்தைகள். கறுப்பினத் தேவாலயங்களில் போதகர் குரல் கொடுக்க, சபை பதில் கொடுக்கும். அந்த முறைதான் இது. கேட்டு ரசிப்பதற்கான வரியாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இது கேட்பவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வரி. மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுடப்பட்டார். பாட்டு ஆகஸ்டில் பதிவானது. இடையில் வரும் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. அடுத்தவனுக்கு உழைத்து அலுத்துவிட்டது, எங்கள் காரியத்தை நாங்களே செய்துகொள்ள வாய்ப்பு வேண்டும் என்கிறார். அது உழைப்பையும் கூலியையும் பற்றிய பேச்சு.

ஒரு வேடிக்கை: அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளையரும் ஆசியருமாம், பிரவுனே தன்வரலாற்றில் சொல்கிறார். பாட்டு வந்த பிறகு தன் கச்சேரிகளில் வெள்ளையர் கூட்டம் குறைந்துவிட்டது என்றும் சொல்கிறார். வருத்தமில்லையாம்.

கவித்துவம்தான் வேண்டும் என்றால் இன்னொரு கறுப்பினப் பாடகியான நீனா சிமோனிடம் போங்கள். 1963இல் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில், கறுப்பினத் தேவாலயத்தில் வெள்ளை இனவாதிகள் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற செய்தி வந்தபோது, கையில் கிடைத்ததை வைத்துத் துப்பாக்கி செய்யத்தான் முதலில் உட்கார்ந்தார். உனக்குக் கொல்லத் தெரியாது, இசைதான் தெரியும் என்றார் கணவர். ஒரு மணி நேரத்தில், பக்கத்துத் தென்மாநிலமான மிசிசிப்பியைச் சபிக்கும் பாட்டு பிறந்தது. மறு ஆண்டு நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் அதைப் பாடினார். மெட்டு நாடகப் பாட்டைப்போலத் துள்ளும். அவையினர் முதலில் சிரிக்கிறார்கள். போகப்போகச் சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த ஒலிப்பதிவைக் கேளுங்கள்.

தென் கரோலினாவில் ஓர் இசைத்தட்டு வியாபாரிக்கு அந்தப் பாட்டின் கவித்துவம் நன்றாகவே தட்டுப்பட்டிருக்க வேண்டும். வந்த ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் ஒவ்வொன்றாக இரண்டாக உடைத்துத் திருப்பி அனுப்பினார்.